பழைய கதிரையை வெட்டலாமா?

கேள்வி, வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி:

அம்மம்மாவின் யாழ்ப்பாண வீடு விற்றாகிவிட்டது. அங்கிருந்து நாலு மரக் கதிரைகளும் ஒரு சாய்மனைக் கதிரையும் லொறியில் வந்து எங்கள் பிளட்டின் பல்கனியில் கிடக்கின்றன. வீடோ சின்னது. அவற்றை வெட்டிச் சேர்த்து இந்தக் காலத்துக்கு ஏற்ற பெஞ்ச், சின்ன மேசை என்று மாற்றித் தருவதாக ஒரு டிசைனர் சொல்கிறார். வெட்டினால் இந்த வாசலையே மிதிக்கமாட்டேன் என்கிறார் பெரியம்மா. யார் சொல்வது சரி?

2023 ஜூன் 4

முதலில் அவற்றைப் பல்கனியிலிருந்து உள்ளே எடுங்கள். இது ஜூன் மாதம், வெள்ளவத்தையில் தென்மேற்கு மழை கடல் காற்றோடு சேர்ந்து அடிக்கும். யாழ்ப்பாணத்து வறண்ட காற்றில் காலமெல்லாம் இருந்த மரம் இந்த ஈரத்தைக் குடித்துப் பருக்கும். பருத்த மரத்தை ஏசி அறைக்குள் வைத்தால் சுருங்கும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் பொருத்துகள் ஆடத் தொடங்கிவிடும். இரும்பு ஸ்க்ரூ இருந்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கும்.

இனி உங்கள் கேள்வி. பெரியம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் யாரும் உட்காராத கதிரையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பல்கனியில் சாக்குப் போட்டு மூடி வைப்பதும் அதைக் கைவிடுவதுதான். இன்றைய வீட்டில், இன்றைய உடம்புக்கு, இன்றைய மேசைக்கு ஏற்றபடி அதை மாற்றலாம். நான் பல கதிரைகளை மாற்றியிருக்கிறேன். ஆனால் மாற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. துணி, குஷன், பிரம்பு, பொலிஷ், நிறம் எல்லாம் முதலில் வரும், அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். வாள் கடைசியில்தான் வர வேண்டும்.

ஜூன் 4, இரவு

டிசைனரிடம் ஒன்று கேளுங்கள்: “பத்து வருடம் கழித்து மனம் மாறினால் இதைப் பழையபடி ஆக்கலாமா?” எப்படி ஆக்கலாம் என்று அவர் விளக்கத் தொடங்கினால் கொடுக்கலாம். சிரித்தால் கொடுக்காதீர்கள்.

ஜூன் 7

மேலிருந்து எடுத்த படங்கள் போதாது தங்கச்சி. கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ்ப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். பொலிஷ் படாத இடத்தில்தான் மரத்தின் சொந்த நிறம் தெரியும். காலும் சட்டமும் சேரும் இடத்தில் மர ஆணி இருக்கிறதா, கம்பி ஆணி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மர ஆணியின் தலை சரியான வட்டமாக இல்லாமல் கொஞ்சம் முட்டை வடிவில் இருந்தால், மரம் காலப்போக்கில் ஒரு பக்கமாகச் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றிலும் கால் நுனியைப் பாருங்கள். உண்மையாகவே ஓடியாடிய கதிரையில் பின்கால்களின் அடி தேய்ந்து சரிந்திருக்கும்.

ஜூன் 11

படங்கள் பார்த்தேன். சாய்மனைக் கதிரையைப் பிறகு பேசுவோம். மற்ற நாலும் ஒரே செட் இல்லை.

முதல் இரண்டும் பலா. மேலே கருஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து ஏதோ விலை உயர்ந்த மரம் என்று டிசைனர் சொல்லியிருப்பார். பலா புதிதாக அறுக்கும்போது நல்ல மஞ்சள். வெளிச்சமும் வருடங்களும் பட்டுப்பட்டு இந்தச் சிவப்பு வருகிறது. அதனால்தான் பலாக் கதிரையை மெஷினால் சாண்ட்பேப்பர் போட வேண்டாம் என்று கத்துகிறேன். ஒரு பின்னேரத்தில் அந்த நிறம் முழுவதும் தரையில் தூளாகக் கிடக்கும், உள்ளே இருந்து மஞ்சள் வந்துவிடும். பிறகு ஸ்டெயின் பூசி ஒப்பேற்றுவார்கள், தாய் மரத்தின் நிறம் அதில் வராது. பலா இன்று கண்டபடி வெட்டக்கூடிய மரமும் இல்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி வளவில் நிற்கும் பலாவை வெட்டவே அனுமதி வேண்டும். கையில் இருக்கும் பழைய பலாப் பலகையின் மதிப்பை அதை வைத்து யோசியுங்கள்.

மூன்றாவது முதிரை என்றுதான் நினைக்கிறேன். பட்டுத் துணியைத் திருப்பினால் தெரிகிற அந்த மினுக்கம் படத்திலேயே தெரிகிறது. வன்னிக் காட்டு மரம், யாழ்ப்பாணத்து வீடுகளில் இருப்பதில் ஆச்சரியமில்லை. இதைத் தேய்க்க வேண்டி வந்தால் மாஸ்க் போடுங்கள், கையை மூடுங்கள். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும்.

நாலாவது நம்முடைய மரமே இல்லை. நீராவியில் வளைத்த ஐரோப்பியக் கதிரை. வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் இலக்கக் கதிரையின் குடும்பம். ஆறு மரத் துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள் போகும், அதனால்தான் அது கப்பலேறி உலகம் முழுக்கப் போனது. இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் லேபிளோ சூடு போட்ட முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். தோனெட்டாக இருக்கலாம், அவர்களுடைய போட்டிக்காரரான கோன் கம்பெனியாக இருக்கலாம், வேறு யாராவது அதே மாதிரி செய்ததாகவும் இருக்கலாம்.

இதைத்தான் டிசைனர் முதலில் வெட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்த நாளிலிருந்தே கழற்றிப் பூட்டக்கூடிய கதிரை அது! வாளுக்கு அங்கே வேலையே இல்லை.

ஜூன் 12

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அண்ணன் கடுமையாக எழுதியிருக்கிறார்: பழைய சாமானில் கை வைப்பதே வரலாற்றை அழிப்பது, எல்லாவற்றையும் நூதனசாலைக்குக் கொடுங்கள் என்று.

அண்ணா, நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வுல்ஃபெண்டால் தேவாலயம் இருக்கிறது, 1757இல் திறந்தது. உள்ளே இருக்கும் பழைய கதிரைகளைப் போய்ப் பாருங்கள். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் டச்சு நூதனசாலை இருக்கிறது. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போய் அதையும் பாருங்கள். ஆறு காலும் வட்ட இருக்கையும் உள்ள பர்கோமாஸ்டர் கதிரை, கருங்காலியில் செதுக்கியவை, இவற்றையெல்லாம் தொடக்கூடாது. நானே வாசலில் நின்று தடுப்பேன். ஆனால் அம்மம்மாவின் பலாக் கதிரைக்கு எந்த நூதனசாலையும் இடம் தராது. அது வீட்டில் பிழைத்தால்தான் உண்டு.

கருங்காலிக் கதிரை பற்றி ஒரு கதை சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் நம் பக்கத்துத் தச்சர்கள் ஐரோப்பியருக்காகச் செதுக்கிய கருங்காலிக் கதிரைகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டில் ஹொரஸ் வால்போல் போன்ற பெரிய சேகரிப்பாளர்களே அவற்றை டியூடர் அரசர் காலத்து ஆங்கிலக் கதிரைகள் என்று நம்பி, தேடித்தேடி வாங்கினார்கள். பின்னாட்களில்தான் உண்மை தெரிந்தது. செய்தவன் பெயர் போகட்டும், அவன் ஊரே மறைந்து போயிற்று. அதனால் நூதனசாலைக்கு அனுப்புவதை விட முக்கியமான ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. எந்த ஊர், யார் வீடு, எந்த மரம், என்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, இருக்கையின் கீழே ஒட்டுங்கள். நான் இப்போது ஒவ்வொரு கதிரைக்கும் இதைச் செய்கிறேன்.

ஜூன் 18

பொலிஷ் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைவான இடத்தில் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். ஒட்டும் பதமாகக் கரைந்தால் அரக்குப் பொலிஷ், அதைத் துணியாலேயே எடுக்கலாம், அல்லது எடுக்காமல் மேலே புதிதாக ஏற்றலாம். ஒன்றும் ஆகாவிட்டால் பிற்காலத்து வார்னிஷ்.

தயவுசெய்து காஸ்டிக் சோடாத் தொட்டியில் மட்டும் போடவிடாதீர்கள். மொறட்டுவைப் பக்கம் ஒரு பட்டறையில் என் அப்பாவின் எழுத்து மேசைக் கதிரையை அப்படி முக்கிவிட்டார்கள். பொலிஷ் போனது உண்மைதான். கூடவே பொருத்துகளில் இருந்த பழைய வச்சிரமும் கரைந்து, சட்டம் எட்டுத் துண்டாகக் கைக்கு வந்தது. மரம் சாம்பல் பூத்த கறுப்பாகி, நார் நாராகக் கிளம்பியிருந்தது. அதே மொறட்டுவையில்தான் தங்கமான கைகளும் இருக்கின்றன. நான் இப்போது போகும் தச்சு பாஸ் எந்த வேலைக்கு முன்னும் கதிரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பார். எந்தப் பொருத்து பேசுகிறது என்று கேட்கிறாராம்.

பழைய வச்சிரம் மிருகத் தோலிலிருந்து காய்ச்சுவது. சூடும் ஈரமும் பட்டால் இளகும். அது குறையாகத் தெரியலாம். பழுது பார்ப்பவனுக்கு அதுதான் வரம், எதையும் உடைக்காமல் பிரித்துத் திரும்ப ஒட்டலாம். இன்றைய வெள்ளைப் பசை அப்படி விட்டுக்கொடுக்காது.

அப்புறம், பழைய பெயின்ட் மேல் ஏறிய கதிரையானால் காய்ந்தபடி தேய்க்கவே வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டில் குழந்தை இருக்கிறதல்லவா?

ஜூன் 25

“அப்படியானால் நீங்கள் புது டிசைனுக்கே எதிரி” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. லண்டனில் மார்ட்டீனோ கம்பர் என்ற வடிவமைப்பாளர் தெருவிலும் நண்பர் வீடுகளிலும் கிடந்த பழைய கதிரைகளைப் பிரித்து, நூறு நாளில் நூறு புதுக் கதிரைகள் செய்தார். 2007இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். ஒன்றின் முதுகு, இன்னொன்றின் கால், மூன்றாவதன் இருக்கை. எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. அவர் எடுத்தவை யாரும் தேடாமல் கிடந்தவை. ஒவ்வொன்றிலும் எந்த உறுப்பு உயிரோடு இருக்கிறது என்று பார்த்து எடுத்தார்.

நெதர்லாந்தில் மார்ட்டென் பாஸ் 2002இல் பழைய தளபாடங்களை ஊதுகுழல் நெருப்பால் கரியாக்கி, அந்தக் கரியை எப்பொக்சி என்ற பிசினால் பூட்டி, திரும்பவும் உட்காரும்படி செய்தார். பார்க்க அழகு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நெருப்பு வைப்பதை என்னால் ஏற்க முடியாது. மரம் அபூர்வமான ஒரு தீவில் இருந்துகொண்டு நான் யோசிக்கிறேன். காலமந்தர் என்று ஒரு மரம் இருந்தது, வரி வரியாகப் பழுப்பும் கறுப்பும். இங்கே மட்டுமே வளர்வது. தளபாடத்துக்காகவே வெட்டி வெட்டி, இன்று மரமாகப் பார்ப்பதே அரிது. அதில் ஒரு சின்னப் பெட்டி கூட இனிப் புதிதாகச் செய்வது கடினம்.

ஜூன் 26

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்துவிட்டு யோசித்தேன். “வாள் கடைசி” என்று ஆரம்பத்தில் சொன்னேன். அந்தக் கடைசி எப்போது வரும் என்று சொல்லவில்லை.

என் கணக்கு இது. பின்காலும் முதுகும் ஒரே மரத்தில் மேலே ஓடும் கதிரையில், அந்த நீண்ட மரம் இருக்கை மட்டத்தில் முறிந்துவிட்டால் அது கதிரையாகத் திரும்புவது கஷ்டம். எல்லாப் பாரமும் வந்து இறங்கும் இடம் அதுதான். கறையான் ஒரு பக்கத்தை முழுதாகத் தின்றிருந்தாலும் அப்படியே. அந்த நிலையில் வெட்டுங்கள், மனம் நோகாமல் வெட்டுங்கள். முன்கால்களும் இருக்கைச் சட்டமும் நன்றாக இருந்தால் உயரமில்லாத ஸ்டூல் வரும். செதுக்கிய முதுகு மட்டும் மிஞ்சினால் விராந்தைச் சுவரில் துவாய் தொங்கவிடும் சட்டமாகும். உங்கள் நாலில் இந்த நிலையில் ஒன்றுமே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஜூலை 9

பெஞ்ச் ஆசையை விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, வெட்டாமல் செய்யலாம்.

இரண்டு பலாக் கதிரைகளும் ஒரே உயரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இரண்டு அடி இடம் விட்டு, இருக்கைச் சட்டங்களின் மேல் ஒரு நீளப் பலகை. பலகையின் கீழே நாலு மரக்கட்டைகளை ஒட்டினால் அவை சட்டத்தின் உள்பக்கமாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கதிரையில் ஒரு ஆணி கூட இறங்காது. மேலே நீளக் குஷன். கைத்தறித் துணி வாங்கக் காலி வீதியில் பார்பரா சன்சோனியின் பெயர்பெற்ற பெயார்ஃபுட் கடை வரை நடந்துவிட்டு வாருங்கள். அந்த நிறங்கள் பலாச் சிவப்போடு நிற்கும்போது பழையது புதியது என்ற பேச்சே வராது. விருந்தாட்கள் வந்தால் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டு கதிரையாகப் போடலாம்.

உயரத்தைக் கவனியுங்கள். இன்றைய சாப்பாட்டு மேசை 29, 30 அங்குலம். இருக்கை 17, 18 அங்குலம் இருந்தால்தான் முழங்கை வசதியாக வரும். பலகையும் குஷனும் சேர்ந்து நாலு அங்குலம் ஏற்றினால் கால் தொங்கும். அதனால் அந்தப் பெஞ்சைச் சாப்பாட்டு மேசைக்கு என்று நினைக்காதீர்கள், ஜன்னலோரத்துக்கு வையுங்கள்.

பழையதும் புதியதும் சேர்ந்து நிற்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் பகதலை வீதி 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் 11ஆம் இலக்க வீடு இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம். வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை 1958இலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றாக்கியவர் அவர். எனக்கு அங்கே பிடித்தது பழைய சாமான்களைச் சுற்றி அவர் விட்ட வெறுமை. வெள்ளைச் சுவர், வெறும் தரை, நடுவில் ஒரு பழைய பொருள். நவீனமாக்குவதற்குப் பல நேரம் கதிரையை மாற்றவே வேண்டாம், அதைச் சுற்றி இருக்கும் குப்பையை எடுத்தால் போதும்.

ஜூலை 10

பெரியம்மா பெஞ்சுக்குச் சம்மதித்தாராம். நல்ல செய்தி. பலகைக்குப் புது மரம் வாங்காதீர்கள், பழைய கதவுப் பலகை தேடுங்கள்.

ஆகஸ்ட் 6

பிரம்பு. முதிரைக் கதிரையின் இருக்கை தொய்ந்துவிட்டது, பிளைவுட் அடிக்கவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். கதிரையைக் கவிழ்த்து, கீழ்ப்பக்கமாக ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். அறுந்திராத பிரம்பு காயும்போது தானாக இறுகும். ஒரு இரவில் இருக்கை தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

அறுந்திருந்தால் புதிதாகப் பின்ன வேண்டும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றிச் சின்னத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னுவது: நெடுக்கு, குறுக்கு, திரும்ப நெடுக்கு, திரும்பக் குறுக்கு, பிறகு இரண்டு மூலைவாட்டு, கடைசியில் ஓரத்தை மூடும் பட்டை. துளைக்குப் பதில் ஒரு வாய்க்கால் ஓடினால் ஆயத்தப் பிரம்புப் பாயைப் பதித்து இறுக்கலாம். சில பட்டறைகளில் நேரம் மிச்சம் பிடிக்க, துளையுள்ள சட்டத்தில் வாய்க்கால் வெட்டிப் பாயைப் பதித்துவிடுகிறார்கள். துளைகளோடு சட்டத்தின் பலமும் போகும். கொடுக்கும் முன்பே “துளையை அடைக்கக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள்.

தெகிவளையில் எனக்குப் பின்னித் தருபவருக்குப் பார்வை இல்லை. விரலால் துளையைத் தடவிக்கொண்டே போவார், இழுவை ஒரே சீராக இருக்கும். மூலைவாட்டுப் பிரம்பு தவறான பக்கம் நுழைந்தால் கீச்சென்று உராயும் என்றும், அந்தச் சத்தத்தை வைத்தே தான் திருத்துவதாகவும் சொன்னார். அன்றிலிருந்து ஒரு பிரம்பு இருக்கையைத் தடவாமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

ஆகஸ்ட் 20

ரொறன்ரோவிலிருந்து ஒரு அங்கிள் கேட்கிறார், தன் தகப்பன் வீட்டுக் கதிரைகளைக் கன்டெய்னரில் எடுக்கலாமா என்று. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்று பார்க்கிறது, அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. உங்களுடையது அவ்வளவு பழையது இல்லை என்றாலும், துறைமுகத்தில் அதை யார் நிரூபிப்பது? தொல்பொருள் திணைக்களத்தில் முதலே காட்டி எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, கனடாக் குளிர்காலத்து ஹீட்டர் காற்று மரத்தைக் கடுமையாக உலர்த்தும். அறைக்குள் ஈரப்பதன் பார்க்கும் வழி இல்லாவிட்டால் ஒரே பனிக்காலத்தில் பலகை வெடிக்கும்.

ஒக்டோபர் 15

வளைமரக் கதிரையின் கீழே தரையில் வெள்ளைத் தூள் என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி மென்மையாக இருந்தால் வண்டு. மணிமணியாக உருண்டால் உலர்மரக் கறையான். அந்தக் கதிரை பீச் மரமாக இருக்கும், வண்டுக்குப் பிடித்தமானது. நம் பலா, முதிரையில் வைரம் பாய்ந்த பகுதியை இவை இலேசில் தொடாது, வெளிமரத்தைத்தான் தின்னும். முதலில் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். துளைகளுக்குள் சிரிஞ்சால் மருந்து ஏற்றலாம். பிறகு துளைகளை மெழுகால் அடைத்து, கீழே கறுப்புக் காகிதம் விரித்து, ஒரு மாதம் பாருங்கள். புதுத் தூள் விழாவிட்டால்தான் அதன் பழைய ஸ்க்ரூக்களை மாற்றும் வேலையைத் தொடங்கலாம்.

நவம்பர் 19

கடைசியாகச் சாய்மனைக் கதிரை. பெருந்தோட்டத்துத் துரைமார் கால் நீட்டிய அதே வடிவம். கையின் கீழிருந்து திரும்பி வெளியே வரும் அந்த நீளப் பலகைகள் கதவில் இடிக்கின்றன, அறுத்துவிடலாம் என்கிறார் டிசைனர். பலகை ஒரு ஸ்க்ரூவில்தான் சுழல்கிறது. அதைக் கழற்றுங்கள். இரண்டு பலகையையும் துணியில் சுற்றி, எந்தப் பக்கம் எது என்று எழுதி, அலுமாரியின் மேல் வையுங்கள். ஸ்க்ரூவைச் சின்னப் பையில் போட்டு அதனோடேயே கட்டுங்கள். துளைக்கு ஒரு பித்தளைக் குமிழ் போதும். சாய்வு அப்படியே இருக்கும், உங்களுக்கு வாசிக்கும் கதிரை கிடைத்துவிடும்.

இருக்கைக்குத் தோல் போட வேண்டாம், கொழும்பு வெக்கையில் முதுகு நனையும். பிரம்பே போடுங்கள். மொறட்டுவைப் பாஸிடம் கேட்டேன், பொங்கல் கழிந்த பிறகு வரச் சொன்னார். கதிரையை அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். யார் உட்காரப் போகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சாய்வைத் தொடுவேன் என்கிறார்.

நவம்பர் 20

பித்தளைக் குமிழ் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும். துளையின் அளவைக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோங்கள்.